எட்டரை மணி மழைக்கணக்கு

தென்மேல் பருவக்காற்று நன்றாக ஊன்றிவிட்ட ஜூன் மாதக் காலை ஒன்றில், இலங்கையின் எல்லா அவதானிப்பு நிலையங்களிலிருந்தும் வரும் எட்டரை மணி அறிக்கைகளை ஒரே படத்தில் குறித்துப் பார்க்க வேண்டும். இரத்தினபுரிக்கு நேரே சில நாட்களில் மூன்று இலக்கத்தில் மழை நிற்கும். கொழும்பும் காலியும் நனைந்திருக்கும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் எண்கள் இன்னும் பெரியவை. அதே படத்தில் மட்டக்களப்புக்கு நேரே பூச்சியம். திருகோணமலை பூச்சியம், மன்னார் பூச்சியம், யாழ்ப்பாணம் பூச்சியம். நேற்றும் பூச்சியம்தான், நாளையும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். நெடுக்கே 430 கிலோமீற்றரும் குறுக்கே 225 கிலோமீற்றரும் கொண்ட ஒரு தீவில், ஒரு பக்கத்தில் மண்சரிவு எச்சரிக்கை போய்க்கொண்டிருக்கும். மறுபக்கத்தில் பவுசரில் குடிதண்ணீர் போய்க்கொண்டிருக்கும்.

வளிமண்டலவியல் திணைக்களத்தில் அவதானிப்பாளனாக வேலை பார்த்தவன் நான். இந்த உத்தியோகத்தில் இடமாற்றம் ஓயாது. கடலோர ஊரில் மின்விசிறி இல்லாமல் கண்ணை மூட முடியாமல் கிடந்தவனை, அடுத்த கடிதம் கம்பளி போர்த்துப் படுக்கும் ஊருக்கு அனுப்பிவிடும். அப்படி ஊரூராகப் போய்க் கருவிகளை வாசித்த பிறகு, "அங்க இப்ப வெயிலோ மழையோ?" என்று வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் கேட்டால் நேரடியாகப் பதில் சொல்ல எனக்கு வராது. எந்த ஊருக்கு வருகிறீர்கள், எந்த மாதம் வருகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் சொல்வேன். ஆண்டு முழுக்க வெயிலும் வெப்பமும் உள்ள நாடு என்று சுற்றுலாப் புத்தகங்கள் எழுதுவது பொய்யில்லை. ஆனால் அதை நம்பி ஒரு விவசாயி விதைக்கவோ, ஒரு மீனவர் வள்ளத்தை இறக்கவோ முடியாது. இங்கே கேட்க வேண்டியவை இரண்டு: காற்று இன்று எங்கேயிருந்து வருகிறது, நீங்கள் மலைக்கு எந்தப் பக்கம் இருக்கிறீர்கள்.

எந்த நிலையத்துக்குப் போனாலும் முற்றம் மட்டும் ஒரே மாதிரி இருக்கும். புல்லைக் கட்டையாக வெட்டிய ஒரு சதுரம், சுற்றிக் கம்பிவேலி, ஒரு பக்கத்தில் மழைமானி, நடுவில் கால் வைத்த வெள்ளைப் பெட்டி. ஸ்டீவன்சன் பெட்டி என்போம். அதன் நான்கு பக்கச் சுவரும் சாய்வான பலகைச் சட்டங்களால் ஆனவை. காற்று உள்ளே போய்வரும், வெயில் நுழையாது. உள்ளே உலர்குமிழ் வெப்பமானி, மெல்லிய மஸ்லின் துணி சுற்றித் திரியால் தண்ணீர் உறிஞ்சும் ஈரக்குமிழ் வெப்பமானி, நாளின் அதிகூடிய வெப்பத்தையும் அதிகுறைந்த வெப்பத்தையும் பிடித்து வைக்கும் இரண்டு. மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை வாசிப்பு. உலகமெங்கும் ஒரே கணத்தில் வாசிக்க வேண்டும் என்பதால் நேரம் கிரீன்விச் கணக்கில் போகும். நமக்கு அது 5.30, 8.30, 11.30 என்று அரைமணியில் வந்து நிற்கும். நள்ளிரவுக்கு அரைமணி முன்பும் ஒருவர் டோர்ச் லைட்டோடு அந்தப் பெட்டியைத் திறப்பார். கருவி ஒன்று, நேரம் ஒன்று, பெட்டியின் உயரமும் ஒன்று. ஆகவே எண்ணில் தெரியும் வித்தியாசம் முழுக்க ஊரினுடையது.

இந்தக் கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது சூரியவொளி பதியும் கண்ணாடிக் குண்டு. கம்பல் ஸ்டோக்ஸ் என்ற இருவரின் பெயரில் வழங்குவது. கைக்கு அடக்கமான ஒரு பளிங்குக் கோளம். அதன் பின்னால் வளைந்த சட்டத்தில் ஒரு நீல அட்டையைச் செருகுவோம். வெயில் கோளத்தின் வழியே குவிந்து அட்டையைக் கரிக்கும். சூரியன் நகர நகரக் கரிக்கோடும் நகரும். மேகம் மறைத்தால் கோடு அறும். அட்டையில் மணித்தியாலக் கோடுகள் அச்சடித்திருக்கும். சூரியனின் பாதை தெற்கே சாய்ந்த காலத்துக்கு ஒரு வகை, நடுவில் போகும் காலத்துக்கு ஒரு வகை, வடக்கே சாய்ந்த காலத்துக்கு ஒரு வகை என்று மூன்று விதமான அட்டைகள். மாலையில் கழற்றிய அட்டையின் பின்புறத்தில் நிலையத்தின் பெயரையும் திகதியையும் எழுதுவோம். ஆனால் பெயரைப் பார்க்காமலே ஊரைச் சொல்லிவிடலாம். ஜூலை மாதத்து அம்பாந்தோட்டை அட்டை காலையிலிருந்து மாலை வரை நெடுகக் கரிந்திருக்கும். அதே நாளின் நுவரெலியா அட்டையில் நடுவே இரண்டொரு புள்ளி இருக்கலாம். அதுவும் இல்லாமல் போட்டபடியே நீலமாகக் கழற்றும் நாட்களும் உண்டு.

வெப்பநிலையை எடுத்துக்கொண்டால் இந்த நாட்டில் மாதம் செய்யாத வேலையை மலை செய்கிறது. கொழும்பில் குளிரான மாதத்துச் சராசரிக்கும் வெக்கையான மாதத்துச் சராசரிக்கும் இடையில் இரண்டு பாகையை ஒட்டிய வித்தியாசம்தான். வடக்கே போனால் அது கொஞ்சம் கூடும். ஆனால் கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறினால் 27 பாகையை விட்டு 16 பாகைக்கு வந்துவிடுவோம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர். கிலோமீற்றருக்கு ஆறு, ஆறரைப் பாகை என்று பாடப்புத்தகம் சொல்லும் கணக்குக்கு அது சரியாகப் பொருந்தும்.

நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகள் தனி வகை. தென்மேல் காற்றுக் காலத்தில் அங்கே பகலும் இரவும் மூடுபனிக்குள் ஒன்றாகவே போகும். உலர்குமிழும் ஈரக்குமிழும் ஒரே எண்ணைக் காட்டும். காற்றில் இனி ஒரு துளி ஈரத்துக்கும் இடமில்லை என்பதற்கு அதுவே அடையாளம். தை பிறந்ததும் வானம் துடைத்துவிட்ட மாதிரித் தெளியும். மேகம் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது. அது பிதுருதலாகலைச் சரிவுகளிலிருந்து இறங்கி, நகரம் இருக்கும் பள்ளத்தில் தேங்கும். பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானி 4 பாகை காட்டும்போது, புல்நுனியை ஒட்டிக் கிடத்தி வைத்த வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே போயிருக்கும். வானொலி அறிக்கையில் துகள் உறைபனி என்று சொல்வது இதைத்தான். வெளிச்சம் வரும் முன் முற்றத்தில் நடந்தால் புல் காலடியில் நொறுங்கும்.

அந்நேரத்துக்கு மரக்கறித் தோட்டக்காரர்கள் எழும்பி வயலுக்கு வந்திருப்பார்கள். உருளைக்கிழங்குச் செடியின் இலைகளில் படிந்த பனியை வெயில் படும் முன்னரே தண்ணீர் தெளித்துக் கழுவிவிட வேண்டும். விட்டால் உச்சி வெயிலுக்குள் இலை கருகி, பின்னேரம் தோட்டமே சுட்டுப்போட்டது போலக் கிடக்கும். நிலையத்துக்குப் பக்கத்தில் லீக்ஸும் கரட்டும் போட்டிருந்த ஒருவர், பின்னேரம் வேலிக்கு வெளியே நின்று, "இன்னிக்கி ராவைக்குப் பனி கொட்டுங்களா ஐயா?" என்று கேட்பார். வானம் தெளிவா, காற்று அடங்குகிறதா, பின்னேரமே ஈரக்குமிழ் எவ்வளவு கீழே நிற்கிறது என்று மூன்றையும் பார்த்துச் சொல்வேன். அவருக்கு அது அன்றிரவு தூங்கலாமா, பம்புக்கு எண்ணெய் ஊற்றி வைக்க வேண்டுமா என்ற கேள்வி. வெப்ப நாடு என்று பெயரெடுத்த ஒரு நாட்டில், உறைபனிக்குப் பயந்து விடியப்புறம் தண்ணீர்க் குழாயோடு நிற்கும் அந்த மனிதர்களை நான் மறக்க மாட்டேன்.

நுவரெலியாவில் இருந்த காலத்தில் பண்டாரவளைப் பக்கம் ரயிலில் போய்வருவது வழக்கம். நானுஓயாவில் ஏறும்போது ஜூலை மாதத்துத் தூறலில் சட்டை நனைந்திருக்கும். அம்பேவளை தாண்டியும் யன்னலுக்கு வெளியே வெள்ளைப் புகார்தான். பட்டிப்பொல கடந்ததும் பாதை தன் உச்சத்தைத் தொட்டு ஒரு சுரங்கத்துக்குள் நுழையும். பெட்டிக்குள் சற்று நேரம் இருட்டு. பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். மறுபக்கம் ஒஹியவை நோக்கி வெளியே வரும்போது, நல்ல பருவக்காற்று நாளென்றால், கண் கூசும் வெயில். கீழே ஊவாவின் காய்ந்த புல்மலைகள் மஞ்சளாகக் கிடக்கும். ரயிலின் கூரையில் ஒரு பக்கத்து மழை இன்னும் சொட்டிக்கொண்டிருக்கும். வானிலை மாறவில்லை, நேரமும் மாறவில்லை; மலையின் பக்கம் மட்டும் மாறியிருக்கிறது. பருவக்காற்றைப் பற்றி மாணவர்களுக்குப் படம் கீறி விளக்கும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது, முடிந்தால் அவர்களை ஜூலையில் இந்த ரயிலில் ஏற்றுங்கள் என்பதுதான்.

வட்டவளையிலிருந்து நுவரெலியாவுக்குக் காகம் பறக்கும் தூரம் முப்பது கிலோமீற்றர்கூட இல்லை. அங்கே ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. இங்கே 1,900ஐ ஒட்டித்தான். மேற்குச் சரிவில் முதலில் காற்றை எதிர்கொள்ளும் தோட்டங்கள்தான் அதன் பாரத்தையெல்லாம் வாங்கிக்கொள்கின்றன. இந்த ஏற்றத்தாழ்வைத் தேயிலைக்காரர்கள் நாக்கால் அறிவார்கள். திம்புள்ளைப் பக்கத்துத் தேயிலைக்கு உயர்ந்த குணம் வருவது ஜனவரி முதல் மார்ச் வரை, அந்தச் சரிவு காய்ந்து குளிர்ந்திருக்கும் காலத்தில். ஊவாத் தேயிலைக்கு அது ஜூலை முதல் செப்டெம்பர் வரை. மேற்கே மழையைக் கொட்டிவிட்டு வறண்டு வரும் காற்று, ஊவாவின் கொழுந்தை வாட்டி, அதற்கு அந்தக் கூர்மையான, மெந்தோல் சாயல் கொண்ட வாசனையைக் கொடுக்கிறது. ஒரு பக்கத்துக் கொழுந்து பறிக்கும் பெண்கள் றப்பர் படங்கும் கம்பளியும் போர்த்தி மழையில் நிற்கும் அதே மாதத்தில், மறுபக்கத்துப் பெண்கள் காற்றில் முக்காடு பறக்காமல் இறுக்கிக் கட்டியிருப்பார்கள்.

அந்தக் காற்று ஊவாவோடு நிற்பதில்லை. மலையிலிருந்து இறங்கிக் கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறை வரை போகிறது. அங்கே அதற்குக் கச்சான் என்று பெயர்.

மட்டக்களப்புக்குப் போகும்வரை கச்சானை நான் புத்தகத்தில்தான் படித்திருந்தேன். பேராசிரியர் ஜோர்ஜ் தம்பையாபிள்ளை 1958இல் அதைப் பற்றி ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றில் எழுதிய கட்டுரை எங்கள் துறையில் பலரும் படித்தது. அல்ப்ஸ் மலையடிவாரத்தில் வீசும் வெப்பக்காற்றின் இனம்தான் இது என்று அதில் அவர் காட்டினார். அதன் கணக்கு எளியது. ஈரமான காற்று மலை ஏறும்போது குளிரும். ஆனால் ஈரம் மேகமாகத் திரளும்போது மறைவெப்பம் வெளியே வருவதால் மெதுவாகவே குளிரும். கிலோமீற்றருக்கு ஐந்தாறு பாகை. ஈரத்தை மேற்குச் சரிவிலேயே மழையாகக் கொடுத்துவிட்டு மறுபக்கம் இறங்கும்போது, வறண்ட காற்று கிலோமீற்றருக்குப் பத்துப் பாகை வீதம் சூடேறும். ஆகவே ஏறத் தொடங்கிய இடத்தில் இருந்ததைவிடக் கூடிய வெப்பத்தோடுதான் கிழக்குச் சமவெளியை அடைகிறது. வட்டவளையில் பெய்த மழையின் வெப்பம் மட்டக்களப்பில் வந்து இறங்குகிறது என்று சொன்னாலும் பிழையில்லை.

கணக்கு எளியது என்றேன், அனுபவம் அப்படியல்ல. பத்துமணிக்கே போறணையின் கதவைத் திறந்தது போல முகத்தில் அடிக்கும். வாவிக்கரைத் தென்னைகள் எல்லாம் கடலைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும். வீட்டுக் கதவின் பலகைகள் சுருங்கி இடைவெளி காட்டும். துவைத்துப் போட்ட சறம் கொடியில் சற்று நேரத்தில் மொறமொறப்பாகிவிடும். எனக்கு அந்நாட்களில் பெரிய வேலை ஈரக்குமிழைக் காப்பாற்றுவது. திரி உறிஞ்சுவதைவிட வேகமாகக் காற்று துணியை உலர்த்தப் பார்க்கும். தண்ணீர்ச் சிமிழில் வாலை வடித்த நீர் குறைந்திருக்கிறதா, திரியில் உப்புப் படிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு வாசிப்புக்கும் முன்னால் பார்க்க வேண்டும். உலர்குமிழ் 36, 37 என்று நிற்கும்போது ஈரக்குமிழ் அதைவிடப் பத்துப் பாகையும் அதற்கு மேலும் கீழே இறங்கியிருக்கும். நுவரெலியாவில் அதே மாதம் இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றதை வாசித்துவிட்டு வந்தவனுக்கு அந்த இடைவெளி நம்ப முடியாததாக இருந்தது.

ஆனால் கச்சானுக்கு ஓர் எதிரி உண்டு. நிலம் சூடேறியதும் வங்கக் கடலிலிருந்து கடல்காற்று உள்ளே வரப் பார்க்கும். மேற்கிலிருந்து இது தள்ள, கிழக்கிலிருந்து அது தள்ள, நடுப்பகலில் ஊருக்கு மேலே இரண்டுக்கும் இழுபறி. நிலையத்தில் தேர்மோகிராப் என்றொரு கருவி இருந்தது. மெதுவாகச் சுற்றும் உருளையில் வாரத்துக்கான தாளைச் சுற்றிவிட்டால், மைமுனை வெப்பநிலையைக் கோடாகக் கீறிக்கொண்டே போகும். கச்சான் நாளில் அந்தக் கோடு காலையிலிருந்து செங்குத்தாக ஏறி, உச்சியில் நடுங்கியபடி நிற்கும். கடல்காற்று வென்றால், கோடு ஒரே இறக்கமாகக் கீழே விழும். சில நிமிடங்களில் பல பாகை. தாளைப் பார்க்காமலே ஊருக்கே தெரிந்துவிடும். சுருண்டிருந்த வாழை இலை விரியும், கடைத்திண்ணைகளில் ஆட்கள் எழுந்து உட்காருவார்கள். கடல்காற்று தோற்ற நாளில் கோடு இரவிலும் இறங்காது. அன்றைக்கு ஊர் முழுவதும் பாயை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிடும். நிலையத்துக்கு அருகே இருந்த வயதான ஒருவர் காலையில் கடப்படியில் நின்று, "தம்பி, இண்டைக்குக் கடல்காத்து வருமா வராதா?" என்று கேட்பார். அவர் சிறுபோக வேளாண்மை செய்பவர். கதிர் பூக்கிற நேரத்தில் கச்சான் விடாமல் அடித்தால் நெல் பால் பிடிக்காமல் பதராகிவிடும். கிழக்கில் கண்ணகை அம்மன் கோயில்களில் குளிர்த்திச் சடங்கு வைகாசி மாதத்தில் வருகிறது, கச்சான் எழும்பி வெக்கை நோய்கள் தலைகாட்டும் அதே நாட்களில். அந்த ஊர் மக்களின் நாட்காட்டியில் இந்தக் காற்றுக்கு எவ்வளவு பெரிய இடம் என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

வடக்கில் அதே தென்மேல் காற்றைச் சோளகம் என்பார்கள். அங்கே மலையும் இல்லை, மழையும் இல்லை. புழுதியும் பனையோலைச் சலசலப்பும் மட்டும். மன்னாரில் அந்தக் காற்று மழை தராவிட்டாலும் மின்சாரம் தருகிறது. 2020 டிசம்பரில் தொடங்கிய தம்பபவனி காற்றாலைகள் முப்பதும் மன்னார்த் தீவின் தென்கரையோரமாக நிற்கின்றன. அம்பாந்தோட்டை, புத்தளம், ஆனையிறவு உப்பளங்களுக்கும் இந்த வறண்ட மாதங்களே பிழைப்பு. மழை பெய்யாமல் இருப்பதை வேண்டிக்கொள்ளும் தொழிலும் இந்த நாட்டில் இருக்கிறது.

ஐப்பசியில் எல்லாம் திரும்பும். வாடை எழும்பி, வடகீழ்ப் பக்கத்திலிருந்து ஈரம் வரத் தொடங்கும். யாழ்ப்பாணத்துக்கு ஆண்டில் கிடைக்கும் 1,250 மில்லிமீற்றர் அளவிலான மழையில் பெரும்பங்கு ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ஆறு இல்லாத நிலம். சுண்ணாம்புக்கல் பாறைதான் அதைப் பிடித்து வைக்க வேண்டும். மாரியில் கிணற்றுத் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்துக்கு ஏறும். ஆவணியில் துலாவுக்குக் கயிறு நீட்ட வேண்டும். வன்னியில் இரணைமடுவும் மன்னாரில் கட்டுக்கரையும் நிரம்பினால் காலபோகம் நிமிர்ந்துவிடும். மிச்சத் தண்ணீரைப் பார்த்துத்தான் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டம் வைப்பார்கள்.

வருட மொத்தத்தை வைத்து நாட்டை மூன்றாகப் பிரித்திருக்கிறோம். 2,500 மில்லிமீற்றருக்கு மேல் ஈரவலயம், 1,750க்குக் கீழ் உலர்வலயம், இடையில் உள்ளது இடைவலயம். பயிர்த் திட்டத்துக்கு அது உதவும். வெள்ளத்தை எதிர்பார்க்க உதவாது. 1897 டிசம்பரில் ஒரே நாளில் 800 மில்லிமீற்றரைத் தாண்டிய மழை பதிவாகியிருக்கிறது. பதிவான இடம் வட்டவளையல்ல, இரத்தினபுரியல்ல, வன்னியின் நெடுங்கேணி. உலர்வலயத்தின் நடு. வங்கக் கடலில் ஒரு தாழமுக்கம் உருவாகி, கரையை ஒட்டி வந்து, சற்று நேரம் நின்றால் போதும். ஆண்டு மழையின் பாதியை ஒரே இரவில் கொடுத்துவிட்டுப் போகும். அந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால், வருட மொத்தத்தைப் பார்த்து ஒரு குளத்தின் வான்கதவையோ ஒரு பாலத்தின் உயரத்தையோ யாரும் தீர்மானிக்க மாட்டார்கள். வன்னியில் வீதிக்குக் கீழே போட்டிருக்கும் சிறிய மதகுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

அழிவுக்கும் பக்கத்துக்குப் பக்கம் தனி மாதம் இருக்கிறது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது திருகோணமலையையும் மன்னாரையும் கடந்தே போயிருந்தது. மட்டக்களப்பைத் தரைமட்டமாக்கியது 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு வந்த சூறாவளி. அந்த ஊரில் இன்றும் வயதானவர்கள் சம்பவங்களைச் சூறாவளிக்கு முந்தி, பிந்தி என்றுதான் சொல்வார்கள். 2000 டிசம்பர் 26இல் திருகோணமலைக்கு அருகே இன்னொன்று. மூன்றும் கிழக்கில் மாரி உச்சத்தில் இருக்கும் காலம். மேற்கிலும் தெற்கிலும் பயப்பட வேண்டிய மாதம் மே. 2003 மே மாதத்து இரத்தினபுரி வெள்ளமும் மண்சரிவும், 2016 மே மாதத்து அரநாயக்க மண்சரிவு, அதற்கு அடுத்த ஆண்டு அதே மாதத்தில் களுத்துறை, இரத்தினபுரிப் பக்கத்து வெள்ளம். ஆயத்தம் செய்பவர்கள் நாடு முழுவதற்கும் ஒரே வாரத்தில் ஒத்திகை நடத்துவதைவிட, கிழக்குக்கு ஐப்பசியிலும் மேற்குக்குச் சித்திரையிலும் நடத்தினால் பலன் அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடையில் வரும் மாதங்கள் வேறு மாதிரி. ஏப்ரல் 5ஆம் திகதியளவில் தெற்கு முனையில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்து, மாத நடுவில் யாழ்ப்பாணத்தைத் தாண்டும். சித்திரைப் புத்தாண்டு வெக்கை எல்லோருக்கும் தெரியும். பருவக்காற்று இல்லாததால் இரு கரைகளிலிருந்தும் கடல்காற்று தடையில்லாமல் உள்ளே வந்து நடு நாட்டில் சந்திக்கும். சந்தித்த இடத்தில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. பதினொன்றரை வாசிப்புக்குப் பஞ்சுப்பொதியாக இருந்த மேகம் இரண்டரை வாசிப்புக்குள் பட்டறைக்கல் வடிவில் தலை விரித்திருக்கும். பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு இடியுடன் கூடிய மழை என்று அறிக்கையில் திரும்பத் திரும்ப வருவது சோம்பலால் எழுதப்படும் வரியல்ல. அந்த மாதங்களில் இந்தத் தீவு அப்படித்தான் இயங்குகிறது. மின்னல் உயிர்களைப் பறிப்பதும் பெரும்பாலும் அந்த மணித்தியாலங்களில்தான். வயலில் நிற்பவர் மேற்கே மேகம் கறுப்பதைக் கண்டவுடன் மரத்தடிக்கு ஓடாமல் வீட்டுக்குள் போக வேண்டும். இதே வகை மழை ஒக்டோபர், நவம்பரிலும் திரும்பி வரும். அப்போது வங்கக் கடல் தாழமுக்கங்களும் சேர்ந்துகொள்வதால் ஏறத்தாழ முழு நாடும் நனையும். ஆண்டில் அந்த இரண்டு மாதத்தில்தான் படத்தில் எல்லா ஊருக்கும் நேரே ஏதாவது ஓர் எண் இருக்கும்.

இவ்வளவையும் எழுதக் காரணம் அந்தப் படத்தைப் பற்றிய என் கவலைதான். திணைக்களத்தின் பிரதான நிலையங்கள் கைவிரல்களால் எண்ணி முடிக்கக்கூடியவை அல்ல என்றாலும், இந்த நாட்டின் மழையை அறிய அவை மட்டும் போதாது. முப்பது கிலோமீற்றருக்குள் இரண்டரை மடங்கு வித்தியாசம் வரும் மண்ணில், ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு மழைமானி வேண்டும். அந்த இடத்தை நிரப்பியவை தேயிலைத் தோட்டங்கள், பாடசாலைகள், நீர்ப்பாசன அலுவலகங்கள். தோட்டத்துக் கந்தோரில் இருந்த கிளாக்கர் ஒருவர் தினமும் காலையில் அளந்து, மாதமுடிவில் கொழும்புக்கு அனுப்பிய தாள்களிலிருந்துதான் மேற்குச் சரிவின் மழைப்படம் உருவானது. தோட்டங்கள் துண்டுதுண்டாகக் கைமாறும்போது அந்த வழக்கம் அறுந்துபோன இடங்களை நான் பார்த்திருக்கிறேன். வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலத்து ஏடுகளில் மாதக்கணக்காக வெற்றுக் கட்டங்கள். அந்த மழை பெய்துதான் இருக்கிறது. எவ்வளவு என்று இனி எவராலும் சொல்ல முடியாது.

பாடசாலைகளில் பேசக் கூப்பிட்டால் நான் மழைமானி ஒன்றைக் கையோடு கொண்டுபோவேன். திறந்த வெளியில் வையுங்கள். பக்கத்தில் மரமோ கட்டடமோ இருந்தால் அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். காலை எட்டரைக்கு, விடுமுறை நாளென்றாலும், அளவுச் சாடியைக் கண்மட்டத்துக்குப் பிடித்து, நீர்மட்டத்தின் வளைவின் அடியை வாசியுங்கள். தூறிவிட்டு அளக்கப் போதாமல் போனால் அதையும் ஓர் எழுத்தால் குறியுங்கள். மழையே இல்லாத நாளில் பூச்சியம் என்று எழுதுங்கள். பிள்ளைகள் பெரும்பாலும் அந்த நாளின் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவார்கள், எழுத ஒன்றுமில்லை என்று நினைத்து. மட்டக்களப்பில் ஒரு கச்சான் காலத்தின் நீளத்தை அளப்பது அந்தப் பூச்சியங்களைக் கூட்டித்தான். கட்டம் வெறுமையாக இருந்தால், முப்பது வருடம் கழித்து ஏட்டைத் திறப்பவருக்கு அன்றைக்கு மழை வரவில்லையா, அளக்க ஆள் வரவில்லையா என்பது தெரியாது.